முதல் பாதியிலேயே பாயாதீர்கள்

மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கும் நம் தோட்டத்து இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 2011-இல் நடந்த 14 மாரத்தான்களின் முடிவுகளை, சுமார் 92 ஆயிரம் ஓட்டங்களை, ஆய்வாளர்கள் அலசி 2015-இல் வெளியிட்டார்கள். முதல் பாதியைவிட இரண்டாம் பாதிக்கு ஆண்களுக்குச் சராசரி 15.6 சதவிகிதம் கூடுதல் நேரம் பிடித்திருக்கிறது, பெண்களுக்கு 11.7 தான். உடல்வாகும் ஒரு காரணம்தான். ஆனால், எடுத்த எடுப்பில் வீராப்பாய்ப் பாய்வதுதான் பெரிய காரணம் என்பேன். மரம் வெட்டும் நம் அக்காமார்களைப் பாருங்கள், முதல் மரத்துக்கும் கடைசி மரத்துக்கும் ஒரே கை!

இன்னொன்று. ஏறக்குறைய ஒரு கோடி ஓட்ட நேரங்களைப் பார்த்த 2017 ஆய்வில், நாலு மணி நேரத்துக்குச் சற்று முன்னால் முடித்தவர்கள் குவிந்து கிடக்கிறார்கள். அதைத் தாண்டியதும் ஆள் குறைகிறது. கடிகாரத்துக்காகக் கடைசியில் இழுத்துப் பிடித்து ஓடுகிறார்கள். குளிர் நாட்டில் சரி. நம்ம வெக்கையில் அந்த ஆசை உயிரையே வாங்கிவிடும்.

பக்கத்தில் ஓடுகிறவன் தள்ளாடினால், பேச்சுக் குழறினால், ‘ஓடுடா ஓடு’ என்று கை தட்டாதீர்கள். நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஒருவர் உடனே 999-க்குப் போன் போடட்டும்.