காலில் இரத்த ஓட்டம் குன்றியோரும் அழுத்த அளவையும்

இரத்த அழுத்தத்தை அளத்தல் இன்று மருத்துவமனைச் சுவர்களுக்குள் அடங்கிய காரியமன்று. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பெற்றபின், களப்பணியாளர் வீடுதோறும் சென்று அளக்கும் முறை தமிழ்நாடெங்கும் பரவியது. வரவேற்கத்தக்கதே. ஆயினும், கையில் மட்டும் அளந்து குறித்துக்கொண்டு திரும்புவது ஒரு சாராருக்குப் போதாது என்பது எமது கருத்து.

பெங்களூர் விவேக் நகரில் குழந்தை இயேசு ஆலயத்திற்கு வியாழக்கிழமைகளில் வரும் பெருங்கூட்டத்தை அறியாதார் இல்லை. அத்தகைய கூட்டம் எதிலும், சிறிது தொலைவு நடந்ததும் கெண்டைக்கால் வலிக்க நின்று, வலி தணிந்தபின் மீண்டும் நடக்கும் முதியோரைக் காணலாம். இதனை வாயு என்றும் வயதின் கோளாறு என்றும் சொல்லி விடுவது நம்மவர் வழக்கம். காலுக்குச் செல்லும் தமனி கொழுப்புப் படிந்து குறுகியிருப்பதே பெரும்பாலும் இதன் காரணம். வலியே இல்லாமலும் இந்நோய் இருக்கக்கூடும். நீரிழிவால் நரம்புணர்ச்சி மங்கியவரிடம் இது சாதாரணம். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் நடத்தி 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பரிசோதிக்கப்பட்டோருள் நூற்றுக்கு மூவர் அளவில் இக்குறை காணப்பட்டது. நீரிழிவுடையோரிடம் அது ஏறத்தாழ இருமடங்கு.

இதனை அறியும் வழி எளிது. நோயாளியைப் படுக்கவைத்து ஐந்து முதல் பத்து நிமிடம் ஓய்வளித்தபின், இரு கைகளிலும் இரு கணுக்கால்களிலும் மேல் அழுத்தத்தை அளத்தல் வேண்டும். கணுக்காலில் சாதாரண ஒலிமானி பெரும்பாலும் உதவாது. கேளா ஒலியால் இயங்கும் டாப்ளர் கருவி தேவை. கணுக்கால் அளவைக் கை அளவால் வகுக்க, 0.9 அல்லது அதற்குக் கீழ் வருமாயின் தமனி அடைப்பு உண்டெனக் கொள்ளலாம்.

எந்தக் கையின் அளவால் வகுப்பது என்பதில்தான் பிழை நேர்கிறது. ஒரு கையில் 150, மறு கையில் 130, கணுக்காலில் 120 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். 150-ஆல் வகுத்தால் 0.80; நோய் வெளிப்படும். 130-ஆல் வகுத்தால் 0.92; நோயாளி நலமுடையவர் எனத் திருப்பி அனுப்பப்படுவார். கால் தமனி கெட்டவருக்குக் கைத் தமனியும் ஒருபுறம் குறுகியிருத்தல் கூடுமாதலால், முதன்முறை இரு கைகளிலும் அளந்து, உயர்ந்த அளவையே கணக்கில் கொள்வது இன்றியமையாதது. மிகை அழுத்தத்திற்கு மருந்து தருவதும் அவ்வுயர்ந்த அளவைக்கொண்டே. கால் அளவை அதற்குப் பதிலாகக் கொள்ளலாகாது.

மற்றொரு பொறி நீரிழிவுடையோரிடம் உண்டு. தமனிச் சுவரில் சுண்ணம் படிந்து விறைத்துவிடின் கைப்பட்டையால் அதனை நெரிக்க இயலாது. ஓட்டம் குன்றியிருந்தும் விகிதம் 1.4-க்கு மேல் காட்டும். அந்நிலையில் கால் பெருவிரலில் அழுத்தம் அளப்பதே முறை.

தானியங்கிப் பொறியைக் கணுக்காலில் கட்டி அளக்கலாமே என்பர் சிலர். ஓட்டம் மிகக் குறைந்த காலில் அப்பொறி தவறான எண்ணையே காட்டக்கூடும். அதனினும், ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றுக்கும் கையடக்கமான டாப்ளர் கருவி ஒன்று வழங்குதல் தகும். கால் புண்ணுக்கு இறுக்கமான அழுத்தக்கட்டு இடுமுன் இவ்வளவை கட்டாயம் தேவைப்படுகிறது. ஓட்டமில்லாக் காலை மேலும் இறுக்கினால் தசை அழுகி, காலையே களைய நேரிடும்.