பிஜியில் கஞ்சா தொடர்பான சட்டங்கள்

பசிபிக் பெருங்கடலில் உள்ள தீவு நாடான பிஜியில் கஞ்சாவைப் பயிரிடுதல், வைத்திருத்தல், விற்றல் ஆகியவை தண்டனைக்குரிய குற்றங்கள் ஆகும். இவற்றுக்கான அடிப்படைச் சட்டம் 2004 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டவிரோதப் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆகும். இச்சட்டம் விதிக்கும் தண்டனைக்கும் நீதிமன்றங்கள் நடைமுறையில் வழங்கும் தண்டனைக்கும் இடையே பெரும் இடைவெளி காணப்படுகின்றது.

சட்டம்

முன்பிருந்த அபாயகரமான மருந்துகள் சட்டத்துக்கு மாற்றாக 2004 ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவரப்பட்டது. இதன் 5 ஆவது பிரிவு வைத்திருத்தல், பயிரிடுதல், வழங்குதல் ஆகிய அனைத்துக்கும் ஒரே உச்சத் தண்டனையை விதித்தது. பத்து இலட்சம் பிஜி டாலர் அபராதம், ஆயுள் சிறை அல்லது இவை இரண்டும் என்பதே அத்தண்டனை. கஞ்சாவுக்கும் கொக்கெயின், மெத்தாம்பெட்டமைன் போன்றவற்றுக்கும் இடையே இதில் வேறுபாடு இல்லை. எனவே தன் பயன்பாட்டுக்குச் சில கிராம் வைத்திருப்பவரும் பெருவணிகரும் ஒரே பிரிவின் கீழ் வருகின்றனர்.

எடை அடிப்படையிலான தண்டனை

இவ்வேறுபாட்டை மேன்முறையீட்டு நீதிமன்றம் 2012 இல் சுலுவா வழக்கில் ஏற்படுத்தியது. அத்தீர்ப்பு வகுத்த நான்கு நிலைகள்:

* 100 கிராம் வரை: பொதுவாகச் சிறை இல்லை; அபராதம், சமூக சேவை, அறிவுரை அல்லது எச்சரிக்கை
* 100 முதல் 1,000 கிராம் வரை: 1 முதல் 3 ஆண்டுகள்
* 1,000 முதல் 4,000 கிராம் வரை: 3 முதல் 7 ஆண்டுகள்
* 4,000 கிராமும் அதற்கு மேலும்: 7 முதல் 14 ஆண்டுகள்

இதனால் சிறு அளவில் பிடிபடுவோர் பலருக்குச் சிறை தவிர்க்கப்பட்டது. எனினும் எல்லைக்கோட்டின் இருபுறமும் சில கிராம் வேறுபாடே ஒருவர் வீடு திரும்புவதையும் சிறை செல்வதையும் தீர்மானிக்கக்கூடும்.

பயிரிடுவோர்

விட்டி லெவு தீவின் நவோசா மலைப்பகுதியும் கண்டாவு தீவும் கஞ்சாப் பயிருக்குப் பெயர்பெற்றவை. போக்குவரத்து வசதி குறைந்த இவ்விடங்களுக்குக் காவல்துறையினர் சென்று செடிகளைப் பிடுங்கி அழிக்கின்றனர். சட்டப்படி பயிரிடத்தக்க யங்கோனா (கவா) விளைய ஆண்டுகள் பல ஆகும். கஞ்சாவோ சில மாதங்களில் பலன் தரும். இப்பொருளாதாரக் காரணம் நீடிக்கும் வரை செடிகளை அழிப்பது மட்டும் தீர்வாகாது.

மேலும், பச்சைச் செடி காய்ந்தால் எடை குறையும். ஆகவே அறுவடைக்கு முன் பிடிபட்ட பயிரின் எடை குற்றத்தின் தன்மையைச் சரியாகக் காட்டாது. பயிரிடல் வழக்குகளில் நீதிபதிகள் வெவ்வேறு அளவுகோல்களைப் பின்பற்றி வந்தனர். 2023 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் செரு வழக்கில் செடிகளின் எண்ணிக்கையையும் குற்றத்தில் ஒருவர் வகித்த பங்கையும் அடிப்படையாகக் கொண்ட புதிய நெறிமுறையை வகுத்தது.

அண்மைக்கால மாற்றங்கள்

2022 ஆம் ஆண்டுத் திருத்தம், போதையூட்டும் வேதிப்பொருள் 1 விழுக்காட்டுக்கு மேற்படாத தொழிற்துறைச் சணலைத் தடையிலிருந்து விலக்கியது. 2024 சனவரியில் நாடி நகர்ப் பகுதியில் 4 தொன்னுக்கும் கூடுதலான மெத்தாம்பெட்டமைன் கைப்பற்றப்பட்டது. அதைக் கடத்துவோருக்கும் நவோசாவின் சிறு விவசாயிக்கும் சட்டம் குறித்த உச்சத் தண்டனை ஒன்றே. இருவரையும் பிரித்துக் காட்டியவை நீதிமன்ற நெறிமுறைகளே. ஆனால் அவை பிற்காலத் தீர்ப்பு ஒன்றினால் மாறக்கூடியவை. சட்டத்தில் எழுதப்பட்ட பாதுகாப்புக்கு ஈடாகமாட்டா.