31,000 ரூபாய் லாபம்

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸில் ஒரு சின்னச் சண்டை. எங்கள் கிளைக்குப் புதிதாக வந்திருக்கும் பி.ஓ. பையன், குஜராத்தி, தன் அப்பா அம்மாவை டொராண்டோவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு அனுப்புகிறான். அகமதாபாத் டூ டெல்லி ஒரு டிக்கெட், டெல்லி டூ வளைகுடா இன்னொரு டிக்கெட், அங்கிருந்து டொராண்டோ மூன்றாவது டிக்கெட். எல்லாம் வேறு வேறு கம்பெனி. "ராத்திரி ரெண்டு மணி வரை உட்கார்ந்து தேடினேன் சார், 40,000 மிச்சம்" என்றான். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சபாஷ் போட்டார்கள். நான் டப்பாவை மூடிவிட்டு, "உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே.

கோபத்துக்குக் காரணம் அவன் இல்லை. 2023 டிசம்பரில் இதே வேலையை நானே செய்தேன்.

பாளையங்கோட்டையில் இருக்கும் என் அக்காவும் அத்தானும் சிகாகோ போக வேண்டும். மருமகளுக்கு (அக்கா மகள்) தலைப்பிரசவம். "நீ பேங்க்ல இருக்க, கணக்குப் பார்த்து எடுத்துக் குடுலே" என்று அக்கா பொறுப்பை என்னிடம் கொடுத்தாள். திருவனந்தபுரத்தில் ஏறி வளைகுடாவில் மாறி நேராக சிகாகோ, ஒரே டிக்கெட், போக வர தலைக்கு 1,12,000. நானோ பி.காம். படித்த புலி. திருவனந்தபுரத்திலிருந்து மும்பைக்குத் தனியாக ஒரு மலிவு விமானம், மும்பையிலிருந்து சிகாகோவுக்குத் தனி டிக்கெட் என்று பிரித்தேன். தலைக்கு 96,500-க்கு முடிந்தது. இரண்டு பேருக்கு 31,000 லாபம். குடும்பத்தில் ஒரு வாரம் என் புகழ்தான்.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவில்லை. மும்பையில் இரவு 8.15-க்கு இறங்கினால் 2.10-க்குத்தான் அடுத்த விமானம். ஆறு மணி நேரம். எவ்வளவு வேண்டும் இதற்கு மேல்? அன்றைக்கு அந்த உள்ளூர் விமானம் நாலரை மணி நேரம் லேட். 12.45-க்கு டெர்மினல் ஒன்றில் இறங்கி, பெட்டி வரக் காத்திருந்து, டாக்சி பிடித்து டெர்மினல் இரண்டுக்குப் போவதற்குள் கவுண்ட்டரை மூடிவிட்டார்கள். (மும்பையில் இரண்டு டெர்மினலும் ஒரே கட்டடம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க: ரோடு வழியாகத்தான் போக வேண்டும். டெல்லியில் டி1, டி3 கதையும் இதேதான்.)

இந்த இடத்தில்தான் வேடிக்கை. உள்ளூர் கம்பெனியைப் பொறுத்தவரை அவர்கள் மும்பை வரை கொண்டுவந்து விட்டார்கள், கணக்கு முடிந்தது. தாமதத்துக்கு விதிப்படி ஒரு சாண்ட்விச், ஒரு ஜூஸ் கொடுத்தாயிற்று. வெளிநாட்டுக் கம்பெனியைப் பொறுத்தவரை என் அக்காவும் அத்தானும் வராத பயணிகள். 'நோ ஷோ'. முதல் பகுதியில் ஏறாவிட்டால் மீதி டிக்கெட் முழுக்க ரத்து, திரும்பி வருவதும் சேர்த்து. இரண்டு கம்பெனியும் விதியை மீறவில்லை. நடுவில் இருந்த அந்த ஆறு மணி நேரத்துக்கு ஓனர் நான்தான்.

விடிய விடிய அகமதாபாத்திலிருந்து போன். இங்கே நான் வெப்சைட்டில் முட்டிக்கொண்டிருக்க, அங்கே அத்தான் தன் இன்சுலின் பையை மடியில் வைத்துக்கொண்டு டிராலி மேல் உட்கார்ந்திருக்கிறார். புதிதாக எடுத்த டிக்கெட், போவதற்கு மட்டும், இருவருக்கும் 1,86,000. திரும்பி வர பிறகு தனியாக 1,10,000. பழைய டிக்கெட்டில் திரும்பி வந்தது சில வரிகள், 11,400. இரண்டு நாள் தாமதம். பிள்ளை ஒரு நாள் முன்னாலேயே பிறந்துவிட்டது. அக்கா இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. "பிளேன் லேட்டானா நீ என்னலே செய்வ" என்றதோடு சரி. திட்டியிருந்தால் தேவலை.

நிற்க. காமர்ஸ் படித்தவன் என்பதால் அந்தப் பாஷையிலேயே சொல்கிறேன். பேலன்ஸ் ஷீட்டின் அடியில் சின்ன எழுத்தில் 'கன்டிஞ்சன்ட் லயபிலிட்டி' என்று ஒரு குறிப்பு வரும். இப்போது கடன் இல்லை, ஆனால் ஏதாவது நடந்தால் நம் தலையில் விழும். பிரித்து எடுத்த டிக்கெட்டில் வரும் மிச்சம் லாபம் இல்லை. விமானக் கம்பெனி தாங்கிக்கொண்டிருந்த அபாயத்தை நாம் 31,000-க்கு விலைக்கு வாங்கியிருக்கிறோம், அவ்வளவுதான். அதுவும் நம் தலையில் வாங்கவில்லை. ஆங்கிலத்தில் சண்டை போடத் தெரியாத, மூட்டுவலி உள்ள, அறுபத்தைந்து வயதுக்காரர் தலையில் வைக்கிறோம்.

ஒரே பி.என்.ஆர். என்றால் என்ன வித்தியாசம் என்று அந்தப் பையன் கேட்டான். நிறைய. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், அடுத்ததில் ஏற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை. சாதாரணமாகப் பெட்டி கடைசி ஊர் வரை போகும். (அமெரிக்கா போன்ற சில நாடுகளில் முதலில் இறங்கும் ஊரில் எடுத்துத் திரும்பப் போட வேண்டியிருக்கும்.) வீல்சேர் ஒரு விமான வாசலில் இருந்து அடுத்த விமான வாசல் வரை வரும். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டி சுற்றும் பெல்ட்டோடு முதல் வீல்சேர் முடிந்தது. அந்தப் பெட்டியை எடுக்கக் குடியேற்றத்தைத் தாண்ட வேண்டும். அப்போது அந்த நாட்டு விசா இருக்கிறதா என்ற கேள்வி வரும்.

சட்டமும் அந்தப் பக்கம்தான். மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009-ல் சேர்ந்தது. பல கம்பெனிகள் மாறினாலும், இரு தரப்பும் ஒரே பயணமாகக் கருதி எடுத்திருந்தால் அது ஒரே பயணம் என்கிறது அது. ஐரோப்பிய நீதிமன்றமும் 2018-ல் பெர்லின் டூ அகாதிர் வழக்கில், ஒரே புக்கிங்கில் எடுத்த தொடர் விமானங்களை முழுசாகப் பார்க்க வேண்டும் என்றது. நம் தனித்தனி டிக்கெட்டை யார் ஒரே பயணமாகக் கருதுவார்கள்? நம் எக்செல் ஷீட் மட்டும்தான்.

2025 ஜூன் 23 ராத்திரி கத்தார் தன் வான்வெளியை மூடியது. ஆயிரக்கணக்கானோர் நடுவழியில் மாட்டினார்கள். அன்றைக்கு ஒரே டிக்கெட்காரர் வரிசையில் நின்று சலித்திருப்பார், ஆனால் கேட்க ஒரு கவுண்ட்டர் இருந்தது. தனித்தனியாக எடுத்தவர் எந்தக் கவுண்ட்டரில் நிற்பார்?

டிக்கெட் என்பது விமானக் கம்பெனிக்கு நாம் முன்கூட்டியே கொடுக்கும் வட்டியில்லாக் கடன், ஈடும் கிடையாது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட், இரண்டும் பறப்பதை நிறுத்தியபோது டிக்கெட் வைத்திருந்தவர்கள் வரிசையில் எங்கே நின்றார்கள் என்று எங்கள் தொழிலில் உள்ளவர்களைக் கேளுங்கள். மூன்று கம்பெனியில் டிக்கெட் எடுத்தால் மூன்று பேருக்குக் கடன் கொடுக்கிறோம். ஒருவர் விழுந்தால் மற்ற இரண்டும் நோ ஷோ.

அப்போ மலிவாகப் போகவே கூடாதா? யார் சொன்னது. பிரௌசரில் குக்கி அழித்துவிட்டுத் தேடு, செவ்வாய் நடுராத்திரி எடு என்பதெல்லாம் பீலா. எகானமி சீட்டிலேயே பல விலை அடுக்குகள் இருக்கும், மலிவு அடுக்கு தீர்ந்தால் அடுத்தது. அதில் ஒரே ஒரு சீட் மிச்சமிருக்கும்போது நாலு பேருக்குச் சேர்த்துத் தேடினால், நாலும் மேல் அடுக்கு விலையில்தான் காட்டும். ஒருவருக்குத் தேடியும் பார்க்க வேண்டும். தேதியை இரண்டு மூன்று நாள் முன்பின் நகர்த்துங்கள். நடுவில் எட்டு மணி நேரம் காத்திருப்பு உள்ள ஒரே டிக்கெட், இரண்டு மணி நேரக் காத்திருப்பை விடப் பல சமயம் சல்லிசாக இருக்கும், அதை எடுங்கள். வெளிநாட்டு வெப்சைட்டில் 2,000 ரூபாய் குறைவு என்று குதிக்கும் முன் கார்டு மார்க்கப்பைப் பாருங்கள். பல கார்டுகளில் 3.5 சதம் வரை, அதன் மேல் ஜி.எஸ்.டி. வேறு. (இதைச் சொன்னதற்கு எங்கள் கார்டு டிபார்ட்மென்ட் என்னைத் திட்டும் :-))

இருபத்தைந்து வயசுப் பையன், முதுகில் ஒரு பை, நடுவில் இரண்டு நாள் ஊர் சுற்றும் திட்டம். அவன் பத்து டிக்கெட்டாகப் பிரித்துக்கொள்ளட்டும், எனக்கென்ன. மாட்டினால் அது அவனுக்கு ஒரு கதை. ஆனால் 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' என்று மூலையில் பொடி எழுத்தில் போட்டுவிட்டு, தேடலில் முதல் வரிசையில் அதை நிறுத்தும் வெப்சைட்களுக்கும், அதைக் கண்டுபிடித்ததாக மார்தட்டிக்கொள்ளும் நம்மைப் போன்ற கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இருவருமே பயணம் போகப் போவதில்லை.

நேற்று அந்தப் பையன் என் டேபிளுக்கு வந்தான். மூன்றையும் கேன்சல் செய்தால் 22,000 பிடிப்பார்களாம். ஒரே டிக்கெட்டாக மாற்றினால் மிச்சம் போய், கையை விட்டும் போகும்.

"என்ன சார் செய்யட்டும்?" என்றான்.

கட்டச் சொன்னேன்.