லெஃப்டி பார்ட்னரை வலப்பக்கம் நிறுத்துங்க

ஈடி கிளாஸ்ல மினி டிராஃப்டரோட மல்லுக்கட்டுற லெஃப்டி ஒருத்தர் உங்க பேட்ச்லயும் இருப்பார். எக்ஸாம் ஹால் சேர்ல ஒட்டியிருக்கிற ரைட்டிங் பேடும் அவருக்கு எதிர்ப்பக்கம்தான். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோடா"ங்கிறதை அவர் கேட்காத நாளே இருக்காது. அதையே பிக்கிள்பால் கோர்ட்லயும் நாம சொல்றோம் பாருங்க, அதுதான் என் புகார். குற்றவாளிகள் பட்டியல்ல முதல் பேர் என்னோடது.

போன செமஸ்டர்ல என் டபுள்ஸ் பார்ட்னர் என் ரூம்மேட். லெஃப்டி. இன்டர் டிபார்ட்மென்ட் மேட்ச்ல நடுவுல வந்த பந்துக்கு ரெண்டு பேரும் பாய்ஞ்சு பேடில் மோதிச்சு. அடுத்த பந்தை "நீ எடுப்பே"ன்னு ரெண்டு பேருமே விட்டோம். தோத்தோம். "உன்கூட ஆடினா கை இடிக்குதுடா"ன்னு சொல்லிட்டு அடுத்த வாரமே ஒரு ரைட் ஹேண்டரோட சேர்ந்துட்டேன். தப்பு அவன் கையில இல்லை, நாங்க நின்ன இடத்துலன்னு எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆச்சு.

கோர்ட்டின் அகலம் 20 அடி, நீளம் 44 அடி. பேட்மின்டன் டபுள்ஸ் கோர்ட்டின் அதே அளவு. 1965-ல அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவுல இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு பழைய பேட்மின்டன் கோர்ட்லதான். வலையின் உயரம் ஓரங்கள்ல 36 அங்குலம், நடுவுல 34. அதனால பாதுகாப்பா அடிக்க நினைக்கிற யாரும் நடுவுலதான் அடிப்பாங்க. நடு யார் கையிலங்கிறதுதான் டபுள்ஸ்ல பாதி ஆட்டம்.

ரெண்டு பேரும் வலக்கைன்னா, நடுப்பந்து இடப்பக்கம் நிற்கிறவரின் ஃபோர்ஹேண்டுக்கு வரும். வலப்பக்கம் நிற்கிறவருக்கு அது பேக்ஹேண்ட். யார் எடுக்கணும்னு பேச வேண்டியதே இல்லை. ஒருத்தர் லெஃப்டின்னா அவரை வலப்பக்கம் நிறுத்திப் பாருங்க. ரெண்டு ஃபோர்ஹேண்டும் நடுவுல சேரும். எதிரணிக்குக் குறிவைக்கச் சுலபமான இடமே காணாமப் போயிடும். கிச்சன் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஆட்கள் வந்து நின்னுட்டா இடைவெளி வெறும் 14 அடி. அந்த வேகத்துல "இவனுக்கு பேக்ஹேண்ட் எந்தப் பக்கம்?"னு அவங்க யோசிக்கணும்.

இப்போ சிக்கலுக்கு வருவோம். சர்வ் போடுற அணி பாயின்ட் எடுக்கிற ஒவ்வொரு முறையும் பக்கம் மாறணும். அப்படியே விட்டா கிட்டத்தட்ட பாதி நேரம் ரெண்டு பேக்ஹேண்டும் நடுவுல வந்து நிற்கும். எங்களுக்கு நடந்ததும் இதுதான். ஒரு பாயின்ட்ல ஃபோர்ஹேண்டுகள் மோதும், அடுத்ததுல நடுவுல ஆளே இருக்காது.

இதுக்கு மருந்து ஸ்டாக்கிங். சர்வ் போடுறவரும் அதை வாங்குறவரும்தான் ஸ்கோர்படி சரியான கட்டத்துல நிற்கணும். அவங்க பார்ட்னர்கள் எங்கே வேணும்னாலும் நிற்கலாம். லெஃப்டி இடப்பக்கமிருந்து சர்வ் போட வேண்டி வந்தா, நீங்க அவருக்கு இடப்புறமா கோட்டுக்கு வெளியில நின்னுக்கோங்க. பந்து போனதும் அவர் வலப்பக்கம் நகர்வார், நீங்க உள்ளே வந்துடுங்க. ரிட்டர்ன் உங்க பக்கம் ஒரு தடவை தரையில படணும்ங்கிற விதி இருக்கிறதால நேரம் தாராளம். ஆட்டத்தை லெஃப்டி வலப்பக்கத்துல தொடங்கினா, உங்க ஸ்கோர் ஒற்றைப்படையா இருக்கும்போது மட்டும்தான் இந்த வேலை. மாடுலோ 2. நமக்கு இது ஒரு கணக்கா?

லெஃப்டி கிடைச்சாலே கப் உங்களுக்குன்னு நான் சொல்லலை. பிக்கிள்பால்ல பல காலம் ஆண்கள் டபுள்ஸை ஆண்ட பென் ஜான்ஸ், காலின் ஜான்ஸ் சகோதரர்கள் ரெண்டு பேருமே வலக்கை. பென் இடப்பக்கம் நின்னு நடுவைத் தனதாக்கிக்கிட்டார். டென்னிஸ்ல பிரையன் இரட்டையர்கள்ல மைக் வலக்கை, பாப் இடக்கை. சேர்ந்து 16 கிராண்ட்ஸ்லாம் டபுள்ஸ் பட்டம். ரெண்டு ஜோடியிலயும் யார் பந்து யாருக்குன்னு முன்னாடியே தெளிவு இருந்தது. வலக்கை ஜோடிக்கு அந்தத் தெளிவு பாதி இலவசமா கிடைக்குது. லெஃப்டி இருந்தா உட்கார்ந்து பேசணும். எதிரணியில பந்தை அடிக்கிறவருக்குக் குறுக்கே நிற்கிறவர் நடுப்பந்தை எடுக்கட்டும்னு வச்சுக்கலாம். இல்லை, வேகமான கை யாருக்கோ அவருக்கே விட்டுடலாம். எதுவா இருந்தாலும் மேட்சுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. நாங்க அந்த அஞ்சு நிமிஷம் பேசலை.

டீம் செலக்‌ஷன் நேரத்துல "லெஃப்டி வேணாம்பா, குழப்பம்"னு யாராவது சொன்னா, அவங்க எத்தனை தடவை ஸ்டாக்கிங் பழகிப் பார்த்தாங்கன்னு கேளுங்க. எங்க டிபார்ட்மென்ட்ல பதில் பூஜ்யம்.

நான் சேர்த்துக்கிட்ட ரைட் ஹேண்டரோட ரெண்டாவது ரவுண்டைத் தாண்டலை. என் ரூம்மேட் இப்போ மெக்கானிக்கல் பையன் ஒருத்தனோட ஆடுறான், வலப்பக்கம் நின்னு. போன வாரம் அவங்க எங்களை 11-4ன்னு அடிச்சாங்க. அன்னைக்கு ராத்திரி மெஸ்ல, "அடுத்த செமஸ்டர் சேர்ந்து ஆடலாமாடா?"ன்னு கேட்டேன். தோசையைப் பிச்சுக்கிட்டே, "எந்தப் பக்கம் நிறுத்துவே?"ன்னான்.