சட்டம் போட்ட டைனோசர் பல்

டைனோசர் பல் வேண்டுமா? இணையக் கடைகளில் கிடைக்கிறது. கறுப்புத் துணி, மேலே கண்ணாடி, நடுவில் விரல்நகம் அளவுக்கு ஒரு பழுப்புப் பல், கீழே "ராப்டர் பல், மொராக்கோ" என்று ஒரு சீட்டு. ஆணி அடித்து மாட்ட வேண்டியதுதான் பாக்கி!

கோவைக்காரர் யாராவது வாங்கினால் அது வெளியூர்ச் சரக்காகத்தான் இருக்கும். கொங்கு மண்ணுக்கு அடியில் இருப்பது டைனோசர்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே உருவான பாறை. அதில் பல் தேடினால் கடப்பாரைதான் தேயும். ஆனால் திருச்சி தாண்டி அரியலூர் போனால் கதையே வேறு.

அந்த மாவட்டத்தின் கல்லமேடு பாறை அடுக்கில் ஒரே ஒரு சின்னப் பல் கிடைத்தது. அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத் முதலிய ஆய்வாளர்கள் 2013-ல் அதைப் பற்றி நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் எழுதினார்கள். ட்ரூடான்டிட் எனும், பறவைகளுக்கு நெருங்கிய சொந்தமான, சிறிய வேட்டை டைனோசரின் பல் அது என்பது அவர்கள் முடிவு. அதுவரை அந்த இனம் வடக்குக் கண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. அந்தக் காலத்திலோ இந்தியா கடல் நடுவே தனி நிலமாக நகர்ந்துகொண்டிருந்தது. அப்படியானால் இது இங்கே எப்படி வந்தது? ஒரு பல் இவ்வளவு பெரிய கேள்வியைக் கேட்டுவிட்டது!

காரணம், அதன் முகவரி தெரியும். எந்த ஊர், எந்த அடுக்கு என்ற குறிப்பு கூடவே இருக்கிறது. காமர்ஸ் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஏற்பாரா? "மொராக்கோ" என்று ஒரு நாட்டின் பெயரை மட்டும் எழுதிய சீட்டு வவுச்சர் ஆகாது. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்துக் கைமாறிய பழங்காசுகளுக்கும் இதே கதிதான். காசு இருக்கும், அது கிடந்த இடம் தெரியாது.

"வாங்கிப் பத்திரமாக வைப்பதும் ஒரு சேவைதானே, வெயிலிலும் மழையிலும் கிடந்தால் அழிந்துதானே போகும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கும் கல்லமேட்டிலேயே பதில் இருக்கிறது. 1980களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரி, அய்யாசாமி இருவரும் அங்கே கிடைத்த ராட்சத எலும்புகளுக்கு பிருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்த எலும்புகள் பிறகு பொடிந்து அழிந்துவிட்டன. அது பெரிய நஷ்டம், சந்தேகமில்லை. ஆனாலும் இடக்குறிப்பும் படங்களும் மிஞ்சியதால் உலக ஆய்வாளர்கள் இன்றும் அதைப் பற்றி விவாதிக்கிறார்கள். அங்கே பொருள் போயும் கதை நிற்கிறது. சட்டத்துக்குள் இருக்கும் பல்லுக்குப் பொருள் நிற்கிறது, கதை போய்விட்டது.

அதற்காக வாங்கியவர்களை எல்லாம் குற்றவாளி ஆக்க வேண்டாம். இந்த வகை டைனோசர்களுக்கு வாழ்நாள் முழுக்கப் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருந்தது, அதனால் பற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் விலையைக் கேட்பதற்கு முன்னால் "எந்த ஊரில், எந்தப் பாறையில் எடுத்தது?" என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அந்தப் பணத்தில் அரியலூர் பஸ் ஏறுங்கள். பக்கத்திலேயே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. சுவரில் மாட்ட ஒன்றும் கிடைக்காது. அந்த மண்ணிலேயே நின்று அதன் கதையைக் கேட்டுவிட்டு வரலாம்.