சாவி யாருக்குச் சொந்தம்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சாவி தொலைந்தால் தெருமுனைச் சாவிக்காரரிடம் இன்னொன்று செய்துகொள்வது நம் பாட்டனார் காலத்து வழக்கம். இன்றைய காருக்கு அது செல்லாது என்பதைச் சென்ற ஆடி மாதம் என் தந்தையார் பட்ட பாட்டில் அறிந்தேன்.

பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார் அவர். வாங்கும்போதே ஒரு சாவிதான் தந்தார்கள். கோயில் திருவிழாக் கூட்டத்தில் அதுவும் தொலைந்தது. சாவிக்காரர் புதிதாக வெட்டிக் கொடுத்தார். கதவு திறந்தது, சாவி திரும்பியது, எஞ்சின் மட்டும் உயிர் பெறவில்லை. கம்பெனிப் பணிமனையில் 11,000 ரூபாயும் 12 நாளும் கேட்டார்கள். அத்தனை நாளும் வண்டி நின்றது, வருமானமும் நின்றது. பிறகு வந்த ஊழியர் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் சொருகினார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது! "நீ படிக்கிற பிள்ளை. இதை நாமே செய்ய முடியாதாப்பா?" என்றார் தந்தையார். அதற்கு நான் தேடிய விடையே இக்கட்டுரை.

இன்றைய கார்ச் சாவியின் தலைக்குள் ஒரு சிறு சில்லு இருக்கிறது. அதற்கு மின்கலம் தேவையில்லை. பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளின் காந்தப்புலமே அதற்கு மின்சாரம் தருகிறது. நாம் ஆய்வகத்தில் காணும் ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல்தான் இது! சில்லு தன் அடையாளத்தைச் சொல்லும். காரின் கணினி அதை ஏற்றால்தான் எஞ்சின் ஓடும். புதுச் சாவியை அக்கணினிக்கு அறிமுகம் செய்வதே 'புரோகிராம்' செய்தல்.

திருட்டைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு இது. ஐரோப்பாவில் 1998-இல் புதிய கார்களுக்குக் கட்டாயமாயிற்று. 'எல்லோருக்கும் வழி தெரிந்தால் திருடனுக்கும் தெரியுமே!' என்பீர்கள். நியாயமான கேள்வி. ஃபோர்டு கார்களின் பல மாடல்களில் இதற்கு விடை உண்டு. பதிவான இரு சாவிகளை அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால், மூன்றாவதை உரிமையாளரே கருவியின்றிப் பதிவு செய்யலாம். இரு சாவிகளும் இல்லையென்றால், ஃபார்ஸ்கேன் என்னும் மென்பொருளை மடிக்கணினியில் ஏற்றிக் காருடன் இணைக்கலாம். பழைய மாடல்கள் சுமார் 10 நிமிடம் காக்க வைத்த பின்னரே வழிவிடும். தொலைந்த சாவியின் பதிவையும் நீக்கிவிடலாம். உரிமையாளருக்கு 10 நிமிடம் பெரிதன்று. திருடனுக்கோ அது ஒரு யுகம்!

மறைத்து வைப்பதே பாதுகாப்பு என்பார் சிலர். மெகாமோஸ் என்னும் சில்லின் குறைகளை விளக்கிய ஆய்வுக் கட்டுரைக்கு 2013-இல் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் இங்கிலாந்து நீதிமன்றத்தில் தடை பெற்றது. 2015-இல் கட்டுரை வெளிவந்தது. தடை கட்டுரைக்குத்தானே ஒழிய, சில்லில் இருந்த குறைக்கு அன்று!

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-இல் வாகனங்களைப் பழுதுபார்க்கும் உரிமைக்கு வாக்களித்தனர். நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில் இவ்வுரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. ஆர்.சி. புத்தகமும் அடையாள அட்டையும் காட்டும் உரிமையாளருக்கும், அவர் நம்பும் ஊர் மெக்கானிக்குக்கும் இந்த வழி திறந்தாக வேண்டும் என்பதே என் கருத்து. காருக்கு விலை கொடுத்தவன் சாவிக்காகக் கைகட்டி நிற்பது முறையா?

அதுவரை, நண்பர்களே, பழைய கார் வாங்கும் உறவினர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: இரண்டு சாவியையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். என் தந்தையாரிடம் இப்போது இரண்டு உண்டு. ஒன்று அவர் சட்டைப் பையில். மற்றொன்று வீட்டில், என் புத்தகப் பெட்டிக்குள்.