தோட்டத்து மூலை: “இது புது ரகம்தானா, அம்மா?”

குன்னூர்ச் சகோதரி ஒருவர் நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். கடையில் வாங்கின ஸ்ட்ராபெரிப் பழத்தின் மேல் தோலை மெல்லியதாகச் சீவி, விதைகளை உலர்த்தித் தொட்டியில் தூவினாராம். முளைத்த நாற்றுகளில் ஒன்று மட்டும் மற்றவை மாதிரி இல்லையாம். பழம் கூம்பு வடிவம், நல்ல மணம், கையில் எடுத்தால் குழைவதில்லை. “இது புது ரகம்தானே அம்மா? என் பெண்ணின் பேரை வைக்கலாமா? பக்கத்து நர்சரிக்காரர் ஐந்து கன்று கேட்கிறார். கொடுத்துவிடட்டுமா?” என்று கேட்கிறார்.

இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன். தொட்டியில் செடி வளர்க்கிற எல்லாருக்குமே இது பயன்படும்.

முதலில் ஒரு விஷயம். நாம் சாப்பிடுகிற ஸ்ட்ராபெரியே ஒரு கலப்புக் குழந்தைதான். 1714-ல் ஃப்ரேஸியர் என்ற பிரெஞ்சு எஞ்சினீயர், தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்து பெரிய பழம் தரும் செடிகளைக் கப்பலில் கொண்டுவந்தார். மாதக்கணக்கான பயணத்தில் ஐந்து செடிகள் பிழைத்தன. பிரான்சில் நட்டால் இலை விட்டது, பூத்தது, காய்க்கத்தான் இல்லை. காரணம், அவை எல்லாம் பெண் பூச்செடிகள்! பக்கத்தில் வட அமெரிக்காவின் வர்ஜீனியாச் செடியை நட்ட பிறகுதான் காய் பிடித்தது. அந்த இரண்டும் கூடிப் பிறந்ததே இன்றைய தோட்டத்து ஸ்ட்ராபெரி. இதை 1766-ல் புத்தகமாக எழுதி விளக்கியவர் டுஷேன். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை.

அதன் குரோமோசோம் கணக்கு தெரியுமா? சில காட்டு ஸ்ட்ராபெரிகளில் 14 குரோமோசோம்கள் என்றால், தோட்டத்துச் செடியில் 56. எட்டு தாத்தா பாட்டிகளின் குணமும் ஒரே வீட்டில் குடியிருக்கிற மாதிரி! அதனால்தான் விதை போட்டால் தாயைப் போலவே செடி வருவதில்லை. ஒரே பழத்தின் நூறு விதையும் நூறு விதமாக முளைக்கும். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரியா இருக்கிறார்கள்? ஆனால் தாய்ச்செடி தரையில் நீட்டுகிற ஓடுதண்டு இருக்கிறதே, அதில் வேர்விடும் கன்று அச்சில் பிழிந்த முறுக்கு மாதிரி. தாய் எப்படியோ மகளும் அப்படியே.

ஆகவே சகோதரியின் செடி வேறு மாதிரி இருப்பதில் ஆச்சரியம் இல்லை. வேறு மாதிரி இருப்பது ஒன்று, புது ரகம் என்பது இன்னொன்று. நடுவில் பல வருஷ வேலை இருக்கிறது.

ரகம் உண்டாக்குகிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள்? தாயாகத் தேர்ந்த செடியில் மொட்டு விரிவதற்கு முன்பே சின்ன இடுக்கியால் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிடுவார்கள். தந்தைச் செடியின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் தடவி, தேனீ வராமல் காகித உறை போட்டு மூடுவார்கள். சுமார் ஒரு மாதத்தில் பழுக்கும். அந்த விதைகளில் ஆயிரக்கணக்கான நாற்று வளர்த்து, நோய் வந்ததை, புளித்ததை, கொழகொழத்ததை எல்லாம் கழித்துக்கொண்டே வருவார்கள். மிஞ்சுகிற கைப்பிடிச் செடிகளை ஓடுதண்டு மூலம் பெருக்கி, பல ஊர்களில் பல பருவம் நட்டுப் பார்ப்பார்கள். ஒரு ரகம் வெளிவர ஏழு முதல் பத்து வருஷம் ஆவது சகஜம்.

இவ்வளவு பாடு எதற்கு என்று தோன்றும். தென் கொரியாவின் கதையைக் கேளுங்கள். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் அந்த நாட்டு வயல்களில் பெரும்பாலும் ஜப்பானிய ரகங்களே இருந்தன. ரகங்களை உண்டாக்கியவர்களின் உரிமையைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தத்தில் கொரியா 2002-ல் சேர்ந்தது. உடனே பிரச்னை வந்தது. இனி ஒவ்வொரு கன்றுக்கும் ஜப்பானுக்கு உரிமைத் தொகை கட்ட வேண்டி வருமே, விவசாயி என்ன செய்வான்? நோன்சான் ஊரில் உள்ள ஸ்ட்ராபெரி ஆராய்ச்சி நிலையத்தார், அகிஹிமே, ரெட் பேர்ல் என்ற இரண்டு ஜப்பானிய ரகங்களையே பெற்றோராக்கி, 2005-ல் ‘சொல்யாங்’ என்ற ரகத்தை வெளியிட்டார்கள். ‘பனியின் மணம்’ என்று பொருளாம், எவ்வளவு அழகான பேர்! சாம்பல் நோயைத் தாங்கும், நிறையக் காய்க்கும், சாறும் அதிகம். சில வருஷங்களிலேயே வயல்களைப் பிடித்துக்கொண்டது. இன்று அங்கே பயிராவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சொந்த ரகங்கள்தான். ஒரு தொட்டிச் செடி விவகாரம் ஒரு நாட்டு விவசாயியின் பணப்பையைக் காப்பாற்றிவிட்டது பாருங்கள்!

சரி, புது ரகம் என்று எப்படி நிரூபிப்பது? உலகம் முழுக்க மூன்று சோதனைகள் உண்டு.

ஒன்று, தனித்தன்மை. தெரிந்த எந்த ரகத்திலிருந்தும் தெளிவாக வேறுபட வேண்டும். பார்க்கிற இடங்கள் நாம் நினைப்பதைவிட நுணுக்கமானவை. செடி நிமிர்ந்து வளர்கிறதா, படர்கிறதா? இலை மேல்பக்கம் வழவழப்பா, கொப்புளம் மாதிரி மேடு பள்ளமா? பூங்கொத்து இலைக்கு மேலே நிற்கிறதா, உள்ளே ஒளிகிறதா? பழத்தின் மேல் விதைகள் குழிக்குள் இருக்கின்றனவா, தோலோடு சமமா, துருத்திக்கொண்டிருக்கின்றனவா? தலையிலுள்ள பச்சைத் தொப்பி பழத்தைவிட அகலமா, குறுகலா? வெட்டினால் உள்ளே சிவப்பா, வெளுப்பா, நடுவில் பொள்ளலா? இப்படிப் பல குணங்களைக் குறித்துக்கொள்வார்கள்.

இரண்டு, ஒருமைப்பாடு. அதன் கன்றுகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். மூன்று, நிலைத்தன்மை. கன்றின் கன்று, அதன் கன்று என்று பெருக்கிக்கொண்டே போனாலும் குணம் மாறக்கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. மண்ணும் குளிரும் மாறினால் ஒரே ரகமே வேறு மாதிரி தெரியும். ஒரு கொத்தின் முதல் பழம்தான் எப்போதும் பெரியது. அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. தேனீ சரியாக வராவிட்டால் பழம் கோணலாகும். அது ரகத்தின் குணம் இல்லை. ஆகையால் சந்தேகமான செடியையும், காமரோசா, ஸ்வீட் சார்லி, விண்டர் டான் போல நம் நாட்டில் பயிராகும் ரகங்களையும் ஒரே பாத்தியில், ஒரே நாளில், ஒரே எருவிட்டு நட்டுத்தான் ஒப்பிட வேணும். ஞாபகத்தில் வைத்து ஒப்பிடுவது உதவாது.

குன்னூர்ச் சகோதரி செய்ய வேண்டியது இதுதான். அந்தச் செடிக்கு ஓர் எண் எழுதிச் சீட்டுக் கட்டுங்கள். ஓடுதண்டில் பத்து கன்றாவது எடுங்கள். அடுத்த பருவம் மற்ற ரகங்களோடு சேர்த்து நடுங்கள். பூத்த நாள், முதல் பழம் பறித்த நாள், எடை எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். இரண்டு பருவம் ஆன பிறகும் வித்தியாசம் நிலைத்தால் அருகிலுள்ள தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் காட்டுங்கள். நம் நாட்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001-ல் வந்தது. பழைய ரகத்தைத் தாயாக வைத்துப் புது ரகம் உண்டாக்க அது இடம் தருகிறது. விவசாயியையும் ரகம் உண்டாக்கியவராக ஏற்கிறது. ஆனால் புது ரகமாகப் பதிய விண்ணப்பிக்கும் நாளுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் முன்பே அதை நம் நாட்டில் விற்றிருந்தால் ‘புதுமை’ போச்சு! அதனால்தான் நர்சரிக்காரரிடம் பொறுக்கச் சொல்லுங்கள் என்றேன். கைமாறிய ஐந்து கன்று ஒரே பருவத்தில் ஐம்பதுக்கு மேல் ஆகிவிடும். அப்புறம் யாருடையது என்று எப்படிச் சொல்வது?

பேரைப் பற்றியும் கேட்டாரே! ஜப்பானின் ஃபுகுவோகாவில் 2005-ல் பதிவான ரகத்துக்கு அரசுப் பேர் ‘ஃபுகுவோகா எஸ்6’. கடையில் அதன் பேர் ‘அமாவ்’. சிவப்பு, உருண்டை, பெரிது, சுவை என்ற நான்கு ஜப்பானியச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்ததாம். பழத்தின் குணத்தையே பேராக்கிவிட்டார்கள். பெண்ணின் பேரும் நல்ல பேர்தான். பழம் முதலில் தன்னை நிரூபிக்கட்டும்.

கடைசியாகச் சமையலறைக்கு ஒரு குறிப்பு. ஸ்ட்ராபெரியைக் கழுவும்போது பச்சைத் தொப்பியைக் கிள்ளாதீர்கள். தண்ணீர் உள்ளே புகுந்து சுவை நீர்த்துப்போகும். கழுவித் துடைத்த பிறகு கிள்ளுங்கள். 100 கிராம் பழத்தில் சுமார் 60 மில்லிகிராம் வைட்டமின் ‘சி’ இருக்கிறது. ஜாம் காய்ச்சினால் அதில் ஒரு பங்கு போய்விடும். குழந்தைகளுக்குப் பழமாகவே கொடுங்கள்.

அடுத்த இதழில், தொட்டியில் எலுமிச்சை பூத்தும் காய் உதிர்கிறதே என்று கேட்டவர்களுக்குப் பதில் எழுதுகிறேன்.